சிவப்புக் கோடு போட்ட புத்தகங்கள்

துரைமார் புஸ்தகசாலையின் பழைய கிளாக்கருக்கு வேலை போனது ஒரு பூச்சியால்.

அந்த வருஷம் கண்டியில் மழை விடவே இல்லை. ஆனியில் பிடித்தது ஐப்பசி வரைக்கும் இழுத்தது. வாவியிலிருந்து எழும்பிய ஈரம் சுவரேறி, அலுமாரிக்குள் நுழைந்து, புத்தக அட்டைகளில் பச்சையாகப் பூத்தது. ஒரு சனிக்கிழமை மலையிலிருந்து இறங்கிவந்த தோட்டத்துரை ஒருவர் பெரிய தேசப்படப் புத்தகத்தைக் கேட்டார். கிளாக்கர் இரண்டு கையாலும் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். துரை அட்டையைத் திறந்தார். உள்ளே உலகத்தைக் காணோம். கறையானும் ராமபாணப் பூச்சியும் தின்று முடித்த மிச்சம் மாவாக அவர் காற்சட்டைமேல் கொட்டியது.

அடுத்த வாரம் பழைய கிளாக்கர் பெட்டியைக் கட்டிக்கொண்டு கொழும்பு ரயில் ஏறினார். அவருக்குக் கீழே எழுத்துவேலைக்கும் எடுபிடிக்கும் நின்ற சுவக்கின் அந்தக் கதிரையில் உட்கார்ந்தார்.

கட்டடத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகள்தான் சுவக்கினுக்கும் அவர் மனைவி சூசையம்மாவுக்கும் வீடு. பிள்ளை இல்லை. கிழிந்த புத்தகங்களைச் சுவக்கின் கூடையில் போட்டு வீட்டுக்கு அனுப்புவார். சூசையம்மா கோதுமைமாப் பசை காய்ச்சி, முதுகு ஒட்டி, ஊசியால் தைத்து, கல்லைத் தூக்கி மேலே வைத்துக் காயவிடுவாள். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தின் கனமும் கைக்குத் தெரியும். அந்தக் கட்டடத்துக்குள் அவள் கை படாத புத்தகம் குறைவு. முன்பக்கத்து வாசிப்பறைக்குள் மட்டும் அவள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அது துரைமார் உட்காரும் இடம்.

கதிரை கிடைத்த நாளிலிருந்து சுவக்கினுக்குத் தூக்கம் கெட்டது. பூச்சிக்குக் கிளாக்கர் பழையவனா புதியவனா என்று தெரியாதே. வேப்பிலை வைத்தார். புகையிலைக் காம்பு வைத்தார். கற்பூரம் வைத்தார். பூச்சி எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போய்த் தின்றது.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் கையைக்கூடக் கழுவாமல், கப்பலில் வந்த இங்கிலிஷ் சஞ்சிகை ஒன்றைத் தூக்கிக் காட்டினார்.

"சூச, கேளு. சீமையில ஒருத்தன் எழுதியிருக்கான். வெள்ளையா ஒரு உப்பு. அதெ சாராயச் சத்துல கரைச்சு, பிரஷால புஸ்தகத்து அட்டையில, முதுகுல, ஓரத்துல தடவிட்டா ஆயுசுக்கும் பூச்சி கிட்ட வராதாம். இந்தியாவுல பெரிய பெரிய புஸ்தகசாலையில எல்லாம் இப்ப இதுதானாம்."

"நம்ம ஊர் ஈரத்துக்குத் தாங்குமாங்க?"

"தாங்கும்னுதானே எழுதியிருக்கான். நான் செக்ரட்டரி துரைகிட்ட சொல்லப்போறேன்."

சொன்னார். செக்ரட்டரி துரை சஞ்சிகையை வாங்கிப் படித்துவிட்டு, சுவக்கினின் தோளில் தட்டினார். துரை கை தன் தோளில் பட்டதைச் சுவக்கின் அன்று நாலு தரமாவது சொல்லியிருப்பார்.

கொழும்பிலிருந்து ரயிலில் மருந்து வந்தது. வைக்கோலுக்குள் பொதிந்த நீலப் போத்தல்கள். முதலில் ஒரு அலுமாரிக்கு மட்டும் தடவிப் பார்த்தார்கள். சில நாள் கழித்துச் சுவக்கின் அலுமாரியைத் திறந்து கூப்பிட்டார். சூசையம்மா பின்வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள். தட்டெல்லாம் செத்த பூச்சி, உமி சிந்தின மாதிரி. சுவக்கின் அதைத் தும்புத்தடியால் கூட்டாமல், துரை வந்து பார்க்கட்டும் என்று அப்படியே விட்டிருந்தார்.

"வருஷக் கூட்டத்துக்கு முந்தி எல்லாப் புத்தகத்துக்கும் தடவிவிடு" என்று உத்தரவாயிற்று.

ஒரு ஆளால் முடிகிற காரியம் இல்லை. சூசையம்மாவுக்கு உடனே நினைவுக்கு வந்தவள் ருக்கியா. அதே சந்தில் இருப்பவள். அவள் புருஷன் ஹபீல் கோப்பி மூட்டை ஏற்றி ஸ்டேஷனுக்கு மாட்டுக் கரத்தை ஓட்டுகிறவன். ருக்கியா கோப்பி ஸ்டோரில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். மலையில் கோப்பிச் செடிக்கு இலைநோய் வந்ததிலிருந்து மூட்டை குறைந்தது. மூட்டை குறைந்ததும் பெண்களைத்தான் முதலில் நிறுத்தினார்கள். கையில் றலியா என்ற பால்குடிப் பிள்ளை வேறு.

"புஸ்தகம் தொடுற வேலையா? எனக்கு ஏலுமா சூசம்மா?" என்றாள் ருக்கியா.

"கோப்பிக்கொட்டையில நல்லது கெட்டது பாக்குற கைக்கு இது ஒரு வேலையா? குந்தியிருந்து தடவுறதுதான். நெழல்ல வேலை. பிள்ளையையும் தூக்கிட்டு வா."

ருக்கியா வந்தாள். வெளியே மழை என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு, சூசையம்மாவின் முன்னறையில் பாயை விரித்து இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் சட்டி. சட்டியில் மருந்து. பிரஷால் தோய்த்து முதுகில் ஒரு இழுப்பு, இரண்டு அட்டையிலும் ஒரு இழுப்பு, தாளின் மூன்று ஓரத்திலும் ஒரு இழுப்பு. பிரஷ் முடி கொட்டித் தேய்ந்தபோது துணியைச் சுருட்டித் தோய்த்தார்கள். துணி சரிவராதபோது விரலால் தடவினார்கள். மருந்து தண்ணீர் மாதிரி இருந்தது. நிறமில்லை. காய்ந்தால் தடவினதே தெரியாது. சாராய வாடை மட்டும் அறையில் நின்றது.

"எங்கட வீட்டுல மனுசன் மோந்து பாத்திட்டு, எங்க போய்க் குடிச்சிட்டு வாறாய் எண்டு கேக்குறாரு" என்று ருக்கியா சிரித்தாள்.

பசித்தால் ரொட்டியும் சம்பலும். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். பிள்ளை அழுதால் ருக்கியா அப்படியே தூக்கி மாரில் போட்டுக்கொள்வாள். நல்ல வேலைதான். நேரம் போவது தெரியாமல் பேச்சும் ஓடும். சூசையம்மா கல்யாணம் கட்டி இத்தனை வருஷத்தில் பகல் முழுக்கப் பேச்சுத்துணை கிடைத்தது அப்போதுதான்.

முதலில் சூசையம்மாவுக்கு வாய் கசந்தது. செம்புக்காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி, எதைத் தின்றாலும் அடியில் கிடந்தது. பிறகு சம்பல் எரிந்தது. ஈறு வீங்கியது. பிறகு எச்சில். தூங்கி எழுந்தால் தலையணை நனைந்திருக்கும். பேசும்போது முந்தானையை வாயில் ஒற்றிக்கொண்டே பேச வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்க முழங்காலில் இருந்தவளுக்கு, சாமியார் கிட்ட வரும்போது வாயிலிருந்து ஒழுகிவிட்டது. எழுந்து பின்னால் போய்விட்டாள். கோவிலில் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை அவளும் பார்த்தாள்.

"மழைச் சூடு" என்றார் சுவக்கின். "உப்புத்தண்ணியில வாய் கொப்பளி."

"ருக்கியாவுக்கும் வாய் கசக்குதாம். பிள்ளைக்கு வயித்தால போகுது. ஒருவேளை அந்த மருந்தா இருக்குமோங்க?"

"அது பூச்சிக்கு மருந்து. மனுசனுக்கு என்ன? சஞ்சிகையில அப்படி ஒரு வார்த்தை இல்ல. நான் முழுசா வாசிச்சேன்."

"முழுசா வாசிச்சீங்க. நான் தொட்டேன்ல."

சுவக்கின் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அவர் பொல்லாதவர் இல்லை. மனைவிமேல் ஒருநாளும் கை நீட்டியதில்லை. ஆனால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரியம் அவர் சொல்லி நடந்திருக்கிறது. அதில் ஒரு கீறல் விழுவதை அவரால் பார்க்க முடியவில்லை.

ஒரு காலையில் பல் ஒன்று ரொட்டியோடு கையில் வந்தது. சூசையம்மா அதைக் கழுவி, முந்தானையில் முடிந்துகொண்டு, புருஷனிடம் சொல்லாமலே கடைத்தெருவுக்கு நடந்தாள். அங்கே ராஜலிங்கம் மருந்துக்கடை வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு ஆஸ்பத்திரியில் காயம் கட்டியவர்.

"வாயைத் திறவுங்கோ" என்றார். பார்த்தவுடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு மூச்சு விட்டார். "பாதரசம் போட்ட மருந்து ஏதும் குடிச்சனீங்களோ?"

"குடிக்கலைங்க. புஸ்தகத்துக்குத் தடவுறோம்." அவள் கொண்டுபோயிருந்த வெள்ளை உப்புப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினாள்.

ராஜலிங்கம் தொடவில்லை. குனிந்து பார்த்தார். "ஓம். இதுதான். தமிழ் வைத்தியர்மார் வீரம் எண்டு சொல்லுற சாமான். ரசத்தில செய்யிறது. இதைக் கையாலயோ தடவுறியள்?"

"கையாலதான்."

"எவ்வளவு காலமா?"

"ரெண்டு மாசமா இருக்குங்க."

"விடுங்கோ. இண்டையோட விடுங்கோ. பல்லோட போனால் புண்ணியம். இது நஞ்சு பிள்ளை, சும்மா நஞ்சில்லை. வீட்டில கைக்குழந்தை இருக்கோ?"

சூசையம்மா மழையில் முக்காடுகூடப் போடாமல் நேரே ருக்கியா வீட்டுக்குப் போனாள். ருக்கியா வேலைக்குக் கிளம்பி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"வராத ருக்கியா. அது நஞ்சாம். பிள்ளைக்குப் பாலும் குடுக்காத. என்னாலதான் வந்துச்சு. நான்தானே உன்னெக் கூட்டிட்டுப் போனேன்."

ருக்கியாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பிள்ளையைப் பார்த்தாள், தன் விரல்களைப் பார்த்தாள். "யா அல்லாஹ்" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒங்கட மனுசனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"படிச்ச மனுசன். தெரியாம எப்புடி? இந்தப் புள்ளைக்கு ஒண்டு வந்திச்சிண்டா நான் ஆருகிட்டப் போய்ச் செல்லுற? போங்க சூசம்மா. இப்ப போங்க."

கதவு சாத்திக்கொண்டது. சந்துமுனை வரைக்கும் சூசையம்மாவுக்கு அந்தத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.

அன்று பகல் புஸ்தகசாலைப் பின்கட்டில் புருஷனும் மனைவியும் பேசியது கொஞ்சம்தான். அவள் பல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். ராஜலிங்கம் சொன்னதைச் சொன்னாள். சுவக்கின் பல்லைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மிச்சத்தை நானே தடவுறேன்" என்றார் கடைசியில். "நீ தொடாத. ஆனா வெளிய சொல்லாத சூச. கூட்டம் முடியட்டும். இப்ப சொன்னா, நஞ்சைக் கொண்டாந்து வச்சவன்னு எனக்கும் பெட்டி கட்டச் சொல்லுவாங்க."

"அப்ப வாசிக்கிறவங்க?"

"அவங்க நக்கவா போறாங்க?"

ஆனால் நக்கினார்கள். சூசையம்மா பின்வாசல் இடுக்கில் நின்று முதல்முறையாகக் கவனித்துப் பார்த்தாள். ஒரு துரை விரலை நாக்கில் தொட்டார், தாளைப் புரட்டினார், மறுபடி நாக்கில் தொட்டார். அவர்களாவது ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தூக்கிப் போகிறவர்கள்? மாதத்துக்கு ஒருமுறை தோட்டங்களுக்குப் புத்தகப்பெட்டி போகும். கம்பளைக்கு அப்பாலிருந்து வரும் தபால்கூலி கறுப்பையா, பெட்டி இல்லாதபோது புத்தகத்தைச் சாக்கில் கட்டி வெறும் முதுகில் மழையில் சுமப்பான். வியர்வையிலும் மழையிலும் மருந்து அவன் தோலில்தான் இறங்கும்.

அவள் ஒரு வழி செய்தாள். தோல் அட்டைக்குப் போடும் சிவப்புச் சாயம் வீட்டில் கொஞ்சம் இருந்தது. பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, மருந்து தடவின ஒவ்வொரு புத்தகத்தின் முதுகிலும் அடியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தாள். சுவக்கின் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. தபால்கூலிகள் வரும்போது ஒவ்வொருவனிடமும் அவளே சொன்னாள்.

"கறுப்பையா, இந்தச் செவப்புக் கோடு போட்டதைத் தொட்டா கையைக் கழுவாம வெத்தலை போடாத. வெறும் முதுகுல வைக்காத. பங்களாவுல சமைக்கிற கோக்கிகிட்டயும் சொல்லு."

"ஏங்கம்மா, சாமி புஸ்தகமா?"

"நஞ்சு தடவியிருக்கு."

கறுப்பையா சாக்கைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றான். பிறகு ஒரு வாழைச்சருகை முதுகுக்கு வைத்துத்தான் தூக்கினான்.

சுவக்கின் மிச்சத்தைத் தனியாகத் தடவினார். கூட்டம் நெருங்கிய நாட்களில் அவர் கை நடுங்க ஆரம்பித்தது. புத்தகப் பெயர் எழுதும்போது எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அவர் எழுத்துக்காகத்தான் அவரை முதன்முதலில் வேலைக்கு எடுத்தார்கள். எழுதின தாளைக் கிழித்து, மறுபடி எழுதி, மறுபடி கிழித்தார்.

வருஷக் கூட்டத்தன்று வெயில் எறித்தது. மலைகளிலிருந்து துரைமார் குதிரையிலும் ரயிலிலும் வந்து வாசிப்பறையை நிறைத்தார்கள். சூசையம்மா பின்வாசலில் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். காதில் விழுந்து விழுந்து பழகிய இங்கிலிஷில் அவளுக்குப் பாதி விளங்கும். இலைநோயைப் பற்றிப் பேசினார்கள். சிலர் கோப்பியைப் பிடுங்கிவிட்டுச் சிங்கோனா மரம் வைப்பதைப் பற்றிப் பேசினார்கள். பிறகு செக்ரட்டரி துரை எழுந்து, மருந்து தடவியபின் ஒரு புத்தகமும் பூச்சிக்குப் போகவில்லை, நம் கிளாக்கரின் கெட்டிக்காரத்தனம் என்றார். கை தட்டினார்கள். துரை ஒரு புத்தகத்தை உயர்த்திக் காட்டினார்.

"இந்தச் சிவப்புக் கோட்டைப் பாருங்கள். எவ்வளவு அழகாக இருக்கிறது. சுவக்கின், புதிதாக வந்த புத்தகங்களுக்கு மட்டும் போடாமல் விட்டிருக்கிறாய். அவற்றுக்கும் சேர்த்து, எல்லாவற்றுக்கும் போட்டுவிடு. ஒரே மாதிரி இருக்கட்டும்."

சூசையம்மாவின் கையில் இருந்த கெண்டி அப்படியே நின்றது. எல்லாவற்றுக்கும் போட்டால் எதற்கும் போடாத மாதிரிதான். கறுப்பையாவிடம் இனி எதைக் காட்டுவது?

சுவக்கின் எழுந்தார். "எஸ் சார்" என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தாள். அவர் நடுங்கும் கையைக் கதிரை முதுகில் ஊன்றிக்கொண்டார்.

"அது அழகுக்குப் போட்டது இல்லை, சார்" என்றார். "அது நஞ்சு என்பதற்கு அடையாளம்."

அவர் இங்கிலிஷில் சொல்லிக்கொண்டே போனார். மருந்தில் பாதரசம் இருப்பதை, கையால் தடவியதை, தன் மனைவியின் பல் விழுந்ததை, ருக்கியாவின் குழந்தை நோயில் படுத்ததை, தெரிந்த பிறகும் தான் சொல்லாமல் இருந்ததை. முன்வரிசையில் ஒரு துரை மடியில் திறந்து வைத்திருந்த புத்தகத்தை மெதுவாக மூடி, மேசையில் தள்ளிவைத்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்தார்.

"எங்கே உன் மனைவி?" என்று கேட்டார் நரைத்த தாடிக்கார துரை ஒருவர்.

சூசையம்மா கெண்டியைக் கீழே வைத்தாள். கூப்பிடுவதற்கு முன்பே வாசிப்பறைக்குள் வந்து நின்றாள். தாடிக்கார துரை தோட்டத்தில் கங்காணியோடு பேசிப் பழகிய தமிழில் கேட்டார்.

"வாய் தொற. பாக்கணும்."

"தொறக்க மாட்டேன் தொரை" என்றாள் அவள், முந்தானையை வாயில் ஒற்றிக்கொண்டே. "நான் பொய் சொல்றேனான்னு பாக்கவா? எம் புருசன் இவ்வளவு பேர் முன்னால எந்திரிச்சு நின்னு பொய் சொல்லுவாரா?"

செக்ரட்டரி துரை சுவக்கினைப் பார்த்தார். சுவக்கின் தரையைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒனக்கு என்னா வேணும்?" என்றார் தாடிக்காரர்.

"மருந்தெத் தூக்கிப் போடச் சொல்லல. பூச்சி சாகுது, நானே பாத்தேன். பூட்டின அறையில வச்சுச் செய்ய விடாதீங்க, முத்தத்துல செய்யட்டும். நீட்டுப் பிரஷ் வாங்கிக் குடுங்க. தாளோரத்துல தடவ வேணாம், அட்டைக்குப் போதும். தண்ணியும் சவுக்காரமும் வைங்க, உங்களுக்கும் சேத்து. அந்தக் கோடு நஞ்சுக்கு மட்டுந்தான். அப்புறம், யாரைக் கூப்பிட்டு வேலை சொன்னாலும், இது இன்னதுன்னு முதல்ல அவகிட்ட சொல்லுங்க. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

உள்ளே நெடுநேரம் பேசினார்கள். சுவக்கினை அனுப்பிவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அனுப்பினால் அடுத்து வருகிறவன் எதையும் சொல்லமாட்டான் என்று தாடிக்கார துரை சொன்னாராம். சுவக்கினின் கதிரை தப்பியது. தோள்தட்டல் அதற்குப் பிறகு இல்லை. நாலைந்து துரைமார் புஸ்தகசாலைக்கு வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் வாசலில் வைத்த கைகழுவும் பேசினுக்குப் பழகிக்கொண்டார்கள். முன்பு தடவிய புத்தகங்களின் தாளோரங்களை வெயிலில் வைத்து, ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சுவக்கினுக்கு அடுத்த மழை வரைக்கும் வேலை இருந்தது. அவர் கை நடுக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. எழுத்து மட்டும் பழையபடி வரவில்லை.

றலியா பிழைத்தாள். ஆட்டுப்பாலிலும் கஞ்சியிலும் தேறி, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் ருக்கியா பின்வாசலில் வந்து நின்றாள். இத்தனை மாதமும் சந்தில் எதிரே வந்தால் முக்காட்டை இழுத்துக்கொண்டு போனவள்.

"முத்தத்துல வேலைக்கு ஆள் தேடுறாங்களாமே. நான் வாறேன்."

சூசையம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயா? உனக்கென்ன பைத்தியமா? மறுபடியும் அதெத் தொடுறதா?"

"கோப்பி ஸ்டோர் மூடிட்டாங்க சூசம்மா. கரத்தையும் சும்மாதான் நிக்கிது. புள்ளை பால் மறந்திட்டு. அண்டைக்கு நான் எனத்தைத் தொடுறேண்டு எனக்குத் தெரியாது. இப்ப தெரியும். தெரிஞ்சு தொடுறது வேற."

சூசையம்மா வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். ருக்கியா கேட்கவில்லை. அடுத்த நாள் காலை முற்றத்தில், காற்றுக்கு முதுகு காட்டி, நின்றபடி, நீண்ட பிரஷால் தடவத் தொடங்கினாள். வாயில் துணி கட்டியிருந்தாள். சூசையம்மா மருந்தின் பக்கம் போகவில்லை. படியில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ருக்கியா, துணிக்குள்ளிருந்தே, ஹபீல் கரத்தை மாட்டுக்குக் கொம்பு சீவப்போய் மாடு முட்டிய கதையைச் சொன்னாள்.

மத்தியானம் வேலை நின்றது. ருக்கியா துணியை அவிழ்த்து, சாப்பிட வந்தாள். சூசையம்மா செம்போடு எழுந்தாள்.

"நீட்டு கையெ."

ருக்கியா நீட்டினாள். சூசையம்மா தண்ணீர் ஊற்றினாள். ருக்கியா சவுக்காரம் போட்டுத் தேய்த்தாள். சூசையம்மா அந்தக் கையைப் பிடித்துத் திருப்பி, ஒவ்வொரு நகத்தின் அடியையும் வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தாள்.

"போதும் சூசம்மா, பசிக்கிது."

"இன்னொருக்கா" என்று சூசையம்மா செம்பை மறுபடி சரித்தாள்.